தாழ்ந்த இடது கை

பால் பொங்க எடுத்துக்கொள்ளும் நேரம்கூட அந்தக் குத்துச்சண்டை நடக்கவில்லை. நானே சோதித்துப் பார்த்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, போனில் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஓடவிட்டேன். மணி அடித்ததிலிருந்து நடுவர் சண்டையை நிறுத்தும் வரை 2 நிமிடம் 4 விநாடி. பாலின் ஓரத்தில் அப்போதுதான் நுரை கட்டத் தொடங்கியிருந்தது.

1938 ஜூன் 22, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். ஒரு பக்கம் ஜோ லூயிஸ், மறுபக்கம் மாக்ஸ் ஷ்மெலிங். நேரில் பார்க்க வந்தவர்கள் 70,000 பேர். கோடிக்கணக்கானவர்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு தாமதமாக வந்தவர்களில் பலர் இருக்கையைக் கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும்.

இந்த இருவரைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தவர் என் சித்தப்பா. ராயபுரத்துக்காரர். இளவயதில் கொஞ்ச நாள் கிளவுஸ் மாட்டியவர். 1980இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டை போட்டதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவர். அதற்குப் பிறகு அவருக்கு வேறு எந்த வீரனும் கண்ணில் படவில்லை. யார் பெரியவர் என்று எங்கள் வீட்டில் பேச்சு வந்தால் அலி, ஃபிரேசியர், டைசன் என்று சுற்றி மறுபடி அலியிடமே வந்து நிற்கும். ஒரு தீபாவளிக்கு நான் சும்மா வாயைக் கொடுத்தேன். "அலிக்கு முன்னாடி யாருமே இல்லையா சித்தப்பா?" அவர் யோசித்துவிட்டு, "ஜோ லூயிஸ்னு ஒருத்தன் இருந்தானாம்டா. எங்க வாத்தியார் சொல்வார். நான் பார்த்ததில்ல" என்றார். பார்க்காத வீரனைப் பற்றி அவர் மரியாதையாகப் பேசியது அதுவே முதல் தடவை. அன்றிரவே தேட ஆரம்பித்தேன்.

லூயிஸின் முழுப்பெயர் ஜோசப் லூயிஸ் பாரோ. 1914இல் அலபாமாவில், அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தார். பையனாக இருக்கும்போதே குடும்பம் வேலை தேடி டெட்ராய்டுக்குப் போய்விட்டது. அம்மா வயலின் கற்றுக்கொள்ளக் கொடுத்த காசு குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போனது. கிளவுஸை வயலின் பெட்டிக்குள் ஒளித்து எடுத்துப் போவார் என்றுகூடச் சொல்கிறார்கள். அமெச்சூராக இறங்கிய முதல் சண்டையில் ஜானி மைலர் என்பவர் அவரை ஏழு முறை கீழே தள்ளினார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஷ்மெலிங் 1905இல் ஜெர்மனியில் பிறந்தவர், லூயிஸைவிட எட்டரை வயது மூத்தவர். பையனாக இருந்தபோது குத்துச்சண்டை வீரர் ஜாக் டெம்ப்ஸியின் சண்டைப் படம் ஒன்றைப் பார்த்து மயங்கி, அதையே தொழிலாக்கிக்கொண்டார். ஜாடையிலும் டெம்ப்ஸியைப் போலவே இருப்பார். 1930இல் உலக ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டம் அவருக்குக் கிடைத்த விதம் கொஞ்சம் சங்கடமானது. ஜாக் ஷார்க்கி இடுப்புக்குக் கீழே அடித்துவிட, ஷ்மெலிங் தரையில் கிடந்தபடியே சாம்பியன் ஆனார். எதிராளியின் தவறால் ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் ஆள் அவர்தான். மறு வருடம் யங் ஸ்ட்ரிப்ளிங்கைப் பதினைந்தாவது சுற்றில் வீழ்த்தி அந்தக் கறையைக் கொஞ்சம் துடைத்தார். 1932இல் அதே ஷார்க்கியிடம் புள்ளிக்கணக்கில் பட்டத்தை இழந்தார். அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று அன்றைக்கே நிறைய பேர் சொன்னார்கள். அவருடைய மேனேஜர் ஜோ ஜேக்கப்ஸ் இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மைக்கில் கத்திய "கொள்ளையடிச்சிட்டாங்க" என்ற வாக்கியம் அமெரிக்கப் பேச்சுவழக்கிலேயே நிலைத்துவிட்டது.

இந்த ஜேக்கப்ஸ் ஒரு யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகும் ஷ்மெலிங் அவரைக் கைவிடவில்லை. 1935இல் ஹாம்பர்க்கில் ஷ்மெலிங் ஜெயித்த ஒரு சண்டைக்குப் பிறகு கூட்டமே எழுந்து நாஜி வணக்கம் வைத்தது. ஜேக்கப்ஸும் கை தூக்கினார், விரல்களுக்கு இடையில் சுருட்டோடு. பெர்லினில் அந்தப் புகைப்படத்தை யாரும் ரசிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இடது கைக்கு வருகிறேன்.

1935 டிசம்பரில் லூயிஸ் நியூயார்க்கில் ஸ்பானியரான பவுலினோ உஸ்குடுனை அடித்துச் சாய்த்தார். ரிங் ஓரத்தில் ஷ்மெலிங் உட்கார்ந்திருந்தார். அந்த ஸ்பானியர் விழுந்த கோலத்தைப் பார்த்தவர்கள் யாரும் அடுத்து லூயிஸுடன் இறங்கத் துணிந்திருக்க மாட்டார்கள். ஷ்மெலிங் மட்டும் எழுந்து வந்து, "ஒன்று பார்த்தேன்" என்றார். எதைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள்.

அவர் பார்த்தது இதைத்தான். லூயிஸின் ஜாப், அதாவது முன்னால் நீட்டிய இடது கையால் போடும் நேர்க்குத்து, அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஜாப். நேராகப் போய்க் குத்தும், எதிராளியின் தலை பின்னால் சாயும். ஆனால் குத்திவிட்டுத் திரும்பும்போது அந்த இடது கை தாடையைக் காக்கும் இடத்துக்கு நேராக வராமல், கீழே இறங்கிச் சுற்றி வந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் எதிராளியின் வலது கை கிளம்பினால் வழியில் தடை எதுவும் இல்லை. முன்னாள் சாம்பியன் ஜாக் ஜான்சனும் இதைக் கவனித்து வெளிப்படையாகச் சொல்லியிருந்தார், ஷ்மெலிங் மீது பந்தயமும் கட்டினார். முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் இன்னொரு கறுப்பின வீரனுக்கு எதிராகப் பணம் கட்டியதில் கசப்பும் இருந்தது. லூயிஸின் மேனேஜர்கள் தங்கள் பையனை "ஜான்சன் மாதிரி இல்லாதவன்" என்றே வெள்ளைக்காரர்களிடம் விற்றார்கள். ஜெயித்தாலும் சிரிக்கக் கூடாது, விழுந்தவனைப் பார்த்துத் துள்ளக் கூடாது, வெள்ளைக்காரப் பெண்களோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். தன் வாழ்க்கையையே ஒரு தப்பாகக் காட்டும் பட்டியலைக் கண்டு ஜான்சனுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

1936 ஜூன் 19. லூயிஸுக்கு 22 வயது, அதுவரை தோற்றதே இல்லை. பயிற்சி முகாமில் புதிதாகப் பழகிய கோல்ஃப் மீதுதான் அவருக்கு ஆசை. நான்காவது சுற்றில் ஜாப் போனது, கை தாழ்ந்தது, ஷ்மெலிங்கின் வலது கை தாடையில் இறங்கியது. தொழில்முறைச் சண்டையில் லூயிஸ் தரையைப் பார்த்தது அதுவே முதல் முறை. அதற்குப் பிறகு எட்டு சுற்றுகள் அதே வலது கை, அதே இடம். அந்தப் படத்தை முழுதாகப் பார்ப்பது கஷ்டம். ஒரு பையன் தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டு அடி வாங்குவதைப் போல இருக்கும். பன்னிரண்டாவது சுற்றில் விழுந்தவர் எழவில்லை. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் தெருக்களில் பெரியவர்கள் அழுதார்கள். ஷ்மெலிங் ஹிண்டன்பர்க் வான்கப்பலில் ஊர் திரும்பினார். ஹிட்லர் அழைத்து விருந்து வைத்தார், சண்டைப் படம் ஜெர்மனியின் வெற்றி என்ற தலைப்போடு தியேட்டர்களில் ஓடியது.

முறைப்படி அடுத்துப் பட்டத்துக்கு மோத வேண்டியவர் ஷ்மெலிங். சாம்பியன் ஜேம்ஸ் பிராடாக்குடன் தேதிகூடக் குறிக்கப்பட்டது. ஆனால் பிராடாக்கின் மேனேஜர் கணக்குப் போட்டார். பட்டம் ஜெர்மனிக்குப் போனால் திரும்பி வருமா? லூயிஸுடன் மோதவிட்டால், தோற்றாலும் லூயிஸின் வருங்கால லாபத்தில் பத்து சதவிகிதம் பத்து வருடத்துக்குக் கிடைக்கும். ஒப்பந்தம் அப்படித்தான் முடிந்தது. 1937 ஜூனில் ஷ்மெலிங் தன் பக்க நியாயத்தைக் காட்ட, நடக்கவே போகாத அந்தச் சண்டைக்கு எடை பார்க்கத் தனியாக வந்து தராசில் ஏறி நின்றார். எதிராளி இல்லை. பத்திரிகைகள் அதைப் பேய்ச் சண்டை என்று கேலி செய்தன. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. உழைத்துச் சேர்த்த உரிமையை நாலு பேர் மேசையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு நாளில் நான் முழுக்க ஷ்மெலிங் கட்சி.

அதே மாதம் 22ஆம் தேதி சிகாகோவில் பிராடாக்கை எட்டாவது சுற்றில் வீழ்த்தி லூயிஸ் சாம்பியன் ஆனார். ஷ்மெலிங்கை அடிக்கும் வரை தன்னைச் சாம்பியன் என்று கூப்பிட வேண்டாம் என்றார்.

சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில் அந்த 124 விநாடிகள் வந்தன. இதற்குள் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டது. அதிபர் ரூஸ்வெல்ட் லூயிஸை அழைத்துப் புஜத்தைத் தொட்டுப் பார்த்து, ஜெர்மனியை அடிக்க இந்த மாதிரித் தசைதான் வேண்டும் என்றாராம். அலபாமாவிலிருந்து ஓடிவந்த குடும்பத்துப் பையன், தன் இனத்தவருக்குத் தனிக் குடிநீர்க் குழாய், தனி இருக்கை வைத்திருந்த ஒரு நாட்டின் ஜனநாயகத்தை ரிங்குக்குள் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தது. ஷ்மெலிங் தோளில் ஹிட்லரை ஏற்றிவைத்தார்கள். அவர் நாஜிக் கட்சியில் சேராதவர். ஆனாலும் ரிங்குக்கு நடந்து வந்த வழியெல்லாம் அவர் மேல் குப்பை வந்து விழுந்தது.

லூயிஸ் வழக்கத்தைவிட அதிக நேரம் உடை மாற்றும் அறையிலேயே காற்றில் குத்திக்கொண்டிருந்தார். வியர்த்து நனைந்து, உடல் சூடேறி வந்தார். படத்தில் கவனித்துப் பாருங்கள், இந்த முறை தூரத்தில் நின்று ஜாப் போட்டுக் காத்திருக்கவே இல்லை. ஷ்மெலிங்கின் வலது கை கிளம்ப இடமே தராமல் உள்ளே நுழைந்துவிட்டார். கயிற்றோரம் ஒதுக்கி அடித்தபோது ஷ்மெலிங் உடலைத் திருப்ப, ஒரு வலது குத்து விலாவுக்குப் பின்னால் இறங்கியது. ஷ்மெலிங் அலறியது ரிங் ஓரத்தில் கேட்டது. முதுகெலும்பில் முறிவு. மூன்று முறை விழுந்தார். மூலையிலிருந்து பயிற்சியாளர் மாக்ஸ் மாஹோன், தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் துண்டை வீசினார். நியூயார்க் விதிப்படி துண்டுக்கு மதிப்பில்லை என்பதால் நடுவர் ஆர்தர் டோனவன் அதை எடுத்து எறிந்துவிட்டு, பிறகு தானே நிறுத்தினார். ஷ்மெலிங் மொத்தமாக வீசியது இரண்டு குத்துகள்.

வீரர்கள் என்ற வகையில் இருவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. லூயிஸ் பட்டத்தை 1949இல் தானே விட்டுக்கொடுக்கும் வரை பதினொன்றரை வருடத்துக்கு மேல் வைத்திருந்தார், 25 முறை காத்தார். ஹெவிவெயிட்டில் அந்த இரண்டு கணக்கையும் இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 69 சண்டையில் 66 வெற்றி. ஷ்மெலிங் பட்டத்தை வைத்திருந்தது இரண்டு வருடம், காத்தது ஒரு முறை. எழுபது சண்டையில் பத்துத் தோல்வி, நான்கு டிரா. இருவரையும் சமமாக்கப் பார்க்கும் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் ஒன்று உண்டு. லூயிஸை அவருடைய உச்சத்துக்குப் போகும் வழியில் நிறுத்திப் பாடம் நடத்தியவர் ஷ்மெலிங் ஒருவர்தான். மற்ற இரண்டு தோல்விகளும், எஸ்ஸார்ட் சார்ல்ஸிடமும் ராக்கி மார்சியானோவிடமும், வயதாகி, பணத்துக்காகத் திரும்பி வந்த பிறகு நேர்ந்தவை.

அந்தப் பணக் கதைதான் எனக்கு இந்த ஒப்பீட்டில் முக்கியம்.

அமெரிக்கா போரில் இறங்கியதும் லூயிஸ் ராணுவத்தில் சேர்ந்தார். 1942இல் பட்டி பேர், ஏப் சைமன் இருவருடனும் போட்ட சண்டைகளில் தன் பங்கைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். கறுப்பினத்தவரைத் தனிப் பிரிவில் வைத்திருந்த ராணுவம் அது. அதில் சுமார் நூறு கண்காட்சிச் சண்டைகள் போட்டார். முன்பு பொருளாதார மந்த காலத்தில் டெட்ராய்டில் தன் குடும்பம் வாங்கிய அரசு நிவாரணப் பணத்தைச் சம்பாதிக்கத் தொடங்கியதும் திருப்பிக் கட்டியவர் இவர். போர் முடிந்ததும் வருமானவரித் துறை கணக்கோடு வந்து நின்றது. தானமாகத் தந்த பரிசுத் தொகையும் வருமானத்தில் சேர்ந்திருந்தது. வட்டி குட்டி போட்டு, பாக்கி பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அவர் மேலும் தவறு உண்டு. கேட்டவருக்கெல்லாம் வாரிக் கொடுத்தார், கணக்கு எழுதுகிறவர்களை நம்பினார், கோல்ஃப் பந்தயத்தில் விட்டார். இருந்தாலும், அந்தக் கடனுக்காகத்தான் 37 வயதில் மார்சியானோ முன்னால் போய் நின்று கயிற்றுக்கு வெளியே விழுந்தார். 1956இல் மல்யுத்த மேடையில் ஏறினார். கடைசி வருடங்களில் லாஸ் வேகஸின் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியில் வருகிறவர்களுக்குக் கைகொடுத்து வரவேற்கும் வேலை.

ஷ்மெலிங் பக்கம் பாருங்கள். 1938 தோல்விக்குப் பிறகு ஜெர்மனியில் அவரைக் கொண்டாட ஆளில்லை. 1941இல் பாராசூட் படையில் கிரீட் தீவில் குதித்தார், செத்துவிட்டார் என்றுகூடச் செய்தி வந்தது. போர் முடிந்தபோது கையில் ஒன்றுமில்லை. நாற்பது வயதுக்கு மேல் சில சண்டைகள் போட்டுக் கொஞ்சம் சேர்த்தார். அப்புறம் அதிர்ஷ்டம் ஒரு பழைய சிநேகிதர் உருவில் வந்தது. நியூயார்க் குத்துச்சண்டை ஆணையத்தில் முன்பு தலைவராக இருந்த ஜேம்ஸ் ஃபார்லி, பிறகு கோகோ கோலாவின் ஏற்றுமதிப் பிரிவில் பெரிய பதவிக்குப் போயிருந்தார். அவர் மூலம் ஷ்மெலிங்குக்கு ஹாம்பர்க்கில் கோகோ கோலா வியாபாரம் கிடைத்தது. பணக்காரரானார். செக் நாட்டில் வளர்ந்த நடிகையான மனைவி ஆனி ஓண்ட்ராவோடு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2005இல் தன் 99ஆவது வயதில் இறந்தார். போரில் தோற்ற நாட்டின் வீரருக்கு அமெரிக்கக் கம்பெனி வாழ்வு கொடுத்தது. ஜெயித்த நாட்டின் வீரரிடம் அவருடைய அரசாங்கமே வட்டி கேட்டது.

இதையும் சொல்ல வேண்டும். 1938 நவம்பரில், யூதர்களின் கடைகளும் கோயில்களும் உடைக்கப்பட்ட அந்த இரவுகளில், ஷ்மெலிங் தன் நண்பர் டேவிட் லெவினின் இரண்டு மகன்களைப் பெர்லினில் தன் ஓட்டல் அறையில் ஒளித்து வைத்திருந்தார். உடம்பு சரியில்லை, யாரையும் மேலே விட வேண்டாம் என்று வரவேற்பில் சொல்லிவிட்டார். பையன்கள் தப்பி, ஷாங்காய் வழியாக அமெரிக்கா போனார்கள். அவர்களில் ஒருவரான ஹென்றி லெவின் ஓட்டல் தொழிலில் பெரிய ஆளாகி, 1989இல் லாஸ் வேகஸில் ஒரு விருந்தில் எழுந்து இதைச் சொன்னார். ஐம்பது வருடம் ஷ்மெலிங் வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவரைப் புனிதராக்கவும் எனக்கு மனம் வரவில்லை. 1936 ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்துவிடக் கூடாது என்று பெர்லினுக்காகத் தூது பேசியவரும் அவர்தான். ஹிட்லர் வீட்டில் தேநீர் குடித்தவர். தான் 1938இல் தோற்றதே நல்லது, ஜெயித்திருந்தால் போர்க் குற்றவாளி ஆக்கியிருப்பார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

1954இல் ஷ்மெலிங் சிகாகோவுக்குப் போய் லூயிஸைத் தேடிப் பார்த்தார். அதற்குப் பிறகு நட்பு தொடர்ந்தது, பண உதவியும் செய்தார் என்கிறார்கள். 1981 ஏப்ரலில் லூயிஸ் 66 வயதில் இறந்தபோது, ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்ய அதிபர் ரீகன் விதியைத் தளர்த்தினார். வட்டி கேட்ட அதே அரசாங்கம். இறுதிச் சடங்குச் செலவில் ஒரு பங்கை ஷ்மெலிங் கொடுத்தார். "எதிரிகள் நண்பர்களான கதை" என்று இதை இணையத்தில் பூச்சுற்றி விற்கிறார்கள். நட்பு உண்மைதான். ஆனால் ஒருவர் ஏன் கொடுக்கிற இடத்திலும் மற்றவர் ஏன் வாங்குகிற இடத்திலும் இருந்தார்கள் என்று அந்தக் கதைகள் கேட்பதில்லை.

போன மாதம் ராயபுரம் போனபோது சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஹிட்லர், ரூஸ்வெல்ட், வரி, கோகோ கோலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த லெஃப்ட் ஹேண்டு, கீழ எறக்குறான்னு சொன்னியே. அப்புறம் சரி பண்ணிட்டானா?"

பண்ணினார், ஆனால் முழுசாக இல்லை என்றேன். 1947இல் ஜெர்சி ஜோ வால்காட் இரண்டு முறை லூயிஸைக் கீழே தள்ளினார், வலது கையால்.

"அதானே பார்த்தேன்" என்று எழுந்தார் சித்தப்பா. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடது கையை நீட்டி, அதே கோட்டில் தாடைக்கு இழுத்துக் காட்டினார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை கை கொஞ்சம் தாழ்ந்துதான் திரும்பியது. எழுபதைத் தாண்டியவர், தோள் வலி வேறு. நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து சித்தி, டீ ஆறிப்போகுது, ஃபேன்ல கையை இடிச்சுக்காதீங்க என்றார்.